முழங்கால் வலிக்கு ‘ஏழே நாளில் தீர்வு’: இந்த விளம்பரங்களை எப்படி அடையாளம் காண்பது?

முழங்கால் வலி எண்ணெய் விளம்பரம் ஒன்றைப் பாதி பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் அதேதான் வந்து நிற்கும். வயதான அம்மா ஒருவர் படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த காட்சியில் யாரோ அவர் முழங்காலில் பச்சை நிறத் தைலம் ஒன்றைத் தடவுகிறார்கள். அப்புறம் அதே அம்மா கோயில் பிரகாரத்தை விறுவிறுவென்று சுற்றி வருகிறார். கீழே சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது: சலுகை முடிய இன்னும் 14 நிமிடம். பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், கடிகாரம் திரும்பவும் 15-லிருந்து ஓடும். மோசடியின் முதல் தடயம் அதுதான். ஆனால் அதைவிட முக்கியமான தடயங்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, வலி என்பது எப்படி நடந்துகொள்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், கீழ்முதுகு வலி, சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல், உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா எல்லாம் இதில் அடங்கும். போலி மருந்து விற்பவர்களுக்கு இந்த நோய்கள்மேல் தனிப் பிரியம். காரணம் எளிது. சர்க்கரைக்கு மருந்து என்று எதையாவது விற்றால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டுவிடும். வலிக்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. ‘இப்போது பரவாயில்லை’ என்று வலிப்பவர் சொல்வதுதான் கணக்கு.

அதோடு வலி ஒரே மட்டத்தில் நிற்பதும் இல்லை. சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். வலி குறைவாக இருக்கும் நாளில் யாரும் 2,499 ரூபாய் கொடுத்து எண்ணெய் வாங்குவதில்லை. ராத்திரி தூக்கம் போய், காலை ஊன்ற முடியாத நிலையில்தான் ஆர்டர் செய்கிறோம். உச்சத்துக்கு அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான். பார்சல் வந்து சேர நான்கைந்து நாள், தடவிப் பார்க்க ஒரு வாரம். அதற்குள் வலி தானாகவே கொஞ்சம் தணிந்திருக்கும். நல்ல பெயர் எண்ணெய்க்குப் போய்விடும். புள்ளியியலில் இதற்குத் தனிப் பெயரே உண்டு, ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்பார்கள். புள்ளியியலே தெரியாத ஆளுக்குக்கூட இது புரியும்: மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள், அநேகமாக அதைவிட நல்ல நாளாகத்தான் இருக்கும்.

இதன்மேல் நம்பிக்கையும் சேர்கிறது. குணமாகும் என்று எதிர்பார்க்கும்போது மூளை வலியைக் குறைத்தே உணர்கிறது. இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது, அந்த நேரத்துக்கு அந்த ஆறுதல் நிஜம். மகளோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் இளஞ்சூட்டில் நீவிவிட்டால், கிண்ணத்தில் இருப்பது வெறும் நல்லெண்ணெயாக இருந்தாலும் முழங்கால் இதமாகத்தான் இருக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2002-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வெளிவந்தது. வலியை நீக்கும் ‘அயனி’ காப்பு என்று க்யூ-ரே என்ற பெயரில் ஒரு கைக்காப்பு அங்கே அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது. தசை, மூட்டு வலி உள்ள 610 பேரை ஆய்வுக்கு எடுத்தார்கள். பாதிப் பேருக்கு அந்தக் காப்பு, மீதிப் பேருக்கு அதேபோல் தோற்றமளிக்கும் சாதாரணக் காப்பு. யார் கையில் எது என்று அவர்களுக்குத் தெரியாது. நான்கு வாரம் கழித்துக் கேட்டால், அயனிக் காப்பு போட்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது. சாதாரணக் காப்பு போட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின்மேல் 2003-ல் வழக்குப் போட்டது. 2006-ல் நீதிமன்றம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, 2008-ல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. 2013-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகள் 70 பேரிடம் செம்புக் காப்பையும் காந்தப் பட்டையையும் சோதித்தபோதும் இதே கதைதான். போலிக் காப்பைவிட அவை எந்த விதத்திலும் மேலாக இல்லை.

அந்த 610 பேரில் ‘எனக்குக் கேட்டது’ என்று சொன்ன யாரும் பொய் சொல்லவில்லை. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி விளம்பரங்களின் பலம் போய்விடும். விளம்பரத்துக்குக் கீழே இருக்கும் நூற்றுக்கணக்கான பாராட்டுகளில் காசு கொடுத்து எழுதியவை பல இருக்கும், உண்மையான மனிதர்கள் மனதார எழுதியவையும் இருக்கும். இரண்டுமே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும் அப்படித்தான். மருந்து போட்டவர்களையும், அதேபோன்ற போலியைப் போட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத இடத்தில், ‘லட்சம் பேர் பயனடைந்தார்கள்’ என்பது எத்தனை பாட்டில் விற்றது என்பதை மட்டுமே சொல்லும்.

ஒன்றுமே இல்லாத எண்ணெய் இந்த வணிகத்தில் சாது. பணம் போகும், தோல் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். எனக்கு உண்மையில் பயம் தருவது நன்றாகக் கேட்கும் பொடிகளும் மாத்திரைகளும்தான். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது, வருடக்கணக்காக மடக்க முடியாத காலை மடக்கி உட்கார முடிகிறது என்று ஒருவர் சொன்னால், வாழ்த்துச் சொல்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஹார்மோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே அதிசயம் என்றது, 1950-ல் ஹெஞ்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் விலை தெரிந்தது. தொடர்ந்து எடுத்தவர்களுக்கு முகம் ஊதியது, எலும்பு பலவீனமானது, சர்க்கரை ஏறியது, தொற்றுகள் எளிதாகப் பிடித்தன. இன்று மருத்துவர்கள் ஸ்டீராய்டு என்ற இந்த மருந்து வகையை அளந்து, தேவையான காலத்துக்கு மட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் மிக மலிவு. அரைத்து மூலிகைப் பொடியில் கலந்துவிட்டால் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. வாங்கியவர் இரண்டே நாளில் எழுந்து நடப்பார், ஊர் முழுக்க அவரே விளம்பரமும் செய்வார்.

அமெரிக்காவில் ஆர்ட்ரி கிங் என்ற மூட்டுவலி மாத்திரை இப்படித்தான் மாட்டியது. டப்பாவில் செந்தட்டி வகை மூலிகை, ஒமேகா-3 என்று சாதுவான பெயர்கள். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022-ல் சோதித்தபோது, டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோனும் உள்ளே இருந்தன. லேபிளில் இரண்டும் இல்லை. கல்லீரல் பாதிப்பும் மரணமும்கூடப் பதிவானதாக அந்த நிர்வாகம் எச்சரித்தது. பெரிய இணையக் கடைகளிலேயே அந்த மாத்திரை விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தெரிந்த கடையின் பெயர் இருப்பதால் மட்டும் பொருள் பத்திரமாகிவிடாது. நம் ஊரிலும் பெயரில்லாத பொட்டலப் பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, வீங்கிய முகத்தோடும் 300-ஐத் தாண்டிய சர்க்கரையோடும் வந்து நிற்கும் நோயாளிகள் மருத்துவர்களுக்குப் புதிதில்லை.

வீட்டில் யாராவது இப்படி ஒரு பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இவற்றைக் கவனியுங்கள். முகம் வட்டமாக உப்புவது, திடீரென்று பசி எடுப்பது, கால் வீக்கம், கட்டுக்குள் இருந்த சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எகிறுவது, லேசாக இடித்தாலே தோலில் நீலம் பாரிப்பது, நெஞ்செரிச்சல், கறுப்பாக மலம் போவது. கறுப்பு மலம் என்றால் குடலில் ரத்தம் கசியலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று, மாதக்கணக்கில் சாப்பிட்ட பொடியை நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியோடு மருத்துவரிடம் போனால் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

இயற்கை மருந்துதானே, என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, உங்கள் சிறுநீரகம் எப்படி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத்தான் மருந்து கொடுப்பார். முகம் தெரியாத ஆள் கூரியரில் அனுப்பும் லேகியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மருத்துவத்தின் பெயரைக் கெடுப்பதே இந்த வியாபாரிகள்தான்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை வலிக்கு அந்த ஒரே மருந்து என்பதை. மூட்டுத் தேய்மானத்தில் ‘ஜவ்வு’ என்று நாம் சொல்லும் குருத்தெலும்பு தேய்கிறது. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. சயாட்டிகாவில் நரம்பு அழுத்தப்படுகிறது. யூரிக் அமிலம் படிந்து வரும் கவுட் வேறு, சர்க்கரைப் பாத எரிச்சல் வேறு. இத்தனைக்கும் ஒரே பாட்டில் என்றால், விற்பவருக்கு உங்களுக்கு என்ன நோய் என்பதில் அக்கறையே இல்லை என்று அர்த்தம். ‘தேய்ந்த ஜவ்வு மீண்டும் வளரும்’ என்று எண்ணெய் பாட்டிலில் எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடலாம். மேலே தடவும் எந்தத் தைலமும் தேய்ந்த குருத்தெலும்பை வளரவைத்ததாக நிரூபணம் இல்லை.

அடுத்து முத்திரைகள். பாட்டிலைச் சுற்றி வட்ட வட்டமாக ஒட்டியிருப்பார்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பதும் 14 இலக்க எண்ணும் உணவுப் பொருளுக்கான உரிமம், வலியைப் போக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது அலுவலக நடைமுறைகளுக்கான தரச் சான்று. ‘எஃப்.டி.ஏ. அங்கீகாரம்’ என்று போட்டிருந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் சத்துமாத்திரை வகைகளை விற்பனைக்கு முன்பாக அமெரிக்க எஃப்.டி.ஏ. அங்கீகரிப்பதே இல்லை. இந்தியாவில் முறையாகத் தயாராகும் சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் லேபிளில் தயாரிப்பாளரின் முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சேர்மானங்கள் இருக்க வேண்டும். ‘21 அரிய மூலிகைகள்’ என்று மட்டும் போட்டு, எந்த மூலிகை எவ்வளவு என்பது ரகசியம் என்றால், எதை விழுங்குகிறோம் என்றே தெரியாமல் விழுங்கச் சொல்கிறார்கள்.

வீடியோவில் வெள்ளைக் கோட்டோடு பேசும் பிரபல மருத்துவரையும் இப்போது நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவால் அவர் முகத்தையும் குரலையும் அப்படியே உருவாக்கிவிடுகிறார்கள். உதடும் சொல்லும் ஒட்டாமல் போகிறதா என்று பார்க்கலாம்தான், ஆனால் அந்தக் குறை வேகமாகக் குறைந்துவருகிறது. அவர் வேலை செய்யும் மருத்துவமனையின் சொந்தப் பக்கத்தில் அதே மருந்து பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது இதைவிட உறுதியான வழி.

உண்மையான விற்பனை நடப்பது ஃபோனில். விளம்பரத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்த அரை மணி நேரத்தில் அழைப்பு வரும். “அம்மா, நான் டாக்டர் பேசுறேன். எத்தனை வருஷமா வலி? ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்களா? பண்ணவே பண்ணாதீங்கம்மா, நம்ம மருந்துலயே சரியாயிடும்.” குரலில் அவ்வளவு கனிவு இருக்கும். பெற்ற பிள்ளைக்கே ஆற அமரக் கேட்க நேரமில்லாத கதையை அந்தக் குரல் இருபது நிமிடம் கேட்கும். தனியாக இருக்கும் பெரியவர்கள் விழுவது அந்த இருபது நிமிடத்தில்தான். முதல் மாதம் 1,999 ரூபாய். வலி குறையவில்லை என்றால், “கழிவு வெளியேறுதும்மா, முதல்ல வலி கூடத்தான் செய்யும்” என்பார்கள். அப்புறமும் குறையவில்லை என்றால், “பத்தியம் சரியா இருந்தீங்களா? மூணு மாச கோர்ஸ் முடிச்சாத்தான் பலன்” என்பார்கள். எப்படிப் போனாலும் தவறு நோயாளியுடையதாகத்தான் இருக்கும். மருந்து தோற்கவே முடியாதபடி பேச்சை அமைத்திருப்பார்கள். இது வேலை செய்யவில்லை என்று எதை வைத்து, எத்தனை நாளில் முடிவு செய்வது என்று நீங்கள் முன்கூட்டியே கேளுங்கள். பதில் வராது.

டாக்டர் என்று சொல்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்கவும் தயங்க வேண்டாம். ஃபோனிலும் வீடியோவிலும் மருத்துவம் பார்ப்பவர்கள் தங்கள் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்று 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. தமிழ்நாட்டில் அலோபதி மருத்துவருக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது, சித்த மருத்துவருக்கும் தனி கவுன்சில் உண்டு. எண் கேட்டதும் அழைப்பு துண்டிக்கப்பட்டால் உங்கள் வேலை முடிந்தது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1954-ல் வந்த மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டத்தின் பட்டியலில் 54 நோய்கள் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்யவே கூடாது. வாதநோய், பக்கவாதம், நரம்பு மண்டலக் கோளாறுகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தாயத்து, மந்திரத் தகடு போன்றவற்றையும் இந்தச் சட்டம் தொடுகிறது. முதல்முறை மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024-ல் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்டு, அந்த நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் முகவரியே இல்லாத ஒரு பக்கம் இன்று ஒரு பெயரில் விற்று, நாளை வேறு பெயரில் முளைத்தால் சட்டம் யாரைத் தேடிப் போகும்? அதனால்தான் வாங்குபவரின் கவனம் இவ்வளவு தேவைப்படுகிறது.

வலியோடு இருப்பவரிடம் ‘இது மோசடி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. வேறு என்ன செய்வது என்று அவர் கேட்பார். உண்மையான உதவி கண்ணைப் பறிக்காது, மெதுவாகத்தான் வரும். தேய்ந்த முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் பலன் தருகின்றன, வாரக்கணக்கில் தொடர்ந்து செய்ய வேண்டும். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய புரிதலும், மனநல ஆலோசனையும் இருக்கின்றன. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. இயன்முறை மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்கள், 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பற்றிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் ஒரு பகுதி.

முடக்குவாதத்துக்கு மட்டும் ஒரு அவசரம் உண்டு. காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்துப்போய் இருக்கின்றன, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் சீக்கிரம் தொடங்கினால் மூட்டு கோணிப்போகாமல் பெரும்பாலும் காப்பாற்றலாம். போலி மருந்தோடு ஒரு வருடம் போனால், அந்த ஒரு வருடத்தில் சிதைந்த மூட்டு திரும்பி வராது. போன பணத்தைவிட இந்த இழப்புதான் பெரியது.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பொருள் சம்பந்தமான புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம். ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஜி.எஸ்.டி. மட்டும் முதலில் கட்டுங்கள்’ என்று அடுத்த மாதம் ஒரு அழைப்பு வந்தால் அதையும் நம்ப வேண்டாம். ஒருமுறை ஏமாந்தவரின் எண் பல கைகளுக்குப் போகும்.

அப்பாவோ அம்மாவோ வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த பாட்டில் உங்களுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டு முகவரிக்கு வரும். பாட்டில், பில், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர்களோடு மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தேதி வாரியாகச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றைப் பார்க்க முடியுமா என்று நீங்களே கேட்கலாம்.